[புதுப்பிப்பு] பகிர்நினைவகப் பூட்டு விடுபடாத சிக்கல் தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருவோருக்குக் கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் வயல் வாய்க்கால் நீர்மட்டம் பதியும் லினக்ஸ் பெட்டி. ஒரு நிரல் எழுதும், இன்னொன்று வாசிக்கும், நடுவில் இரண்டும் தொடும் பகிர்நினைவகம், அதற்குப் பூஸ்ட் இன்டர்ப்ராசஸ் என்ற சி++ நூலகம். ஒரு நேரத்தில் ஒருவரே தரவைத் தொட விடும் பூட்டை (மியூட்டெக்ஸ்) எழுதும் நிரல் பிடித்தபடி செத்தால் மற்றது உறைந்துவிடும்.

"ரொபஸ்ட் மியூட்டெக்ஸ் பாவியுங்கோ" என்று ஒரு அண்ணா சொன்னதுதான் வேலை செய்தது. பிடித்தவர் செத்ததை அடுத்தவருக்குச் சொல்லும் பூட்டு அது. நேரவரம்புப் பூட்டு உதவாது: காத்திருந்தது போதும் என்று மட்டும் சொல்லும், செத்தவனின் பூட்டைத் திறக்காது.

நூலகத்தின் மியூட்டெக்ஸை எடுத்துவிட்டு, அதே நினைவகத்துக்குள் லினக்ஸின் பித்ரெட் நூலகத்து மியூட்டெக்ஸ் வைத்தேன். ப்ராசஸ்_ஷேர்ட் (பல நிரல்கள் பகிர்வது), ரொபஸ்ட் இரண்டு பண்பும் வேண்டும். பிடித்தவர் செத்தால் அடுத்தவருக்கு ஈஓனர்டெட் என்ற குறி வரும். அது தோல்வியல்ல, பூட்டு ஏற்கெனவே உங்கள் கையில். தரவைச் சரிபார்த்து, பித்ரெட்_மியூட்டெக்ஸ்_கன்சிஸ்டன்ட் அழைத்து, பிறகு திறக்க வேண்டும். அந்த அழைப்பைத் தவறவிட்டுத் திறந்தால் எல்லாருக்கும் ஈநாட்ரிகவரபிள் (மீட்க முடியாது) என்ற பிழைதான். பூட்டை அழித்துப் புதிதாக அமைக்க வேண்டிவரும். அரைகுறைப் பதிவைப் பிடிக்க, பதிவின் தலையிலும் வாலிலும் ஒரே வரிசை எண். பொருந்தாவிட்டால் அந்தப் பதிவு குப்பைக்கு.

எதிர்பாராதது: காத்திருக்கும் நிரலை எழுப்பும் கண்டிஷன் வேரியபிளுக்கு ரொபஸ்ட் வகையே கிடையாது. அதைக் கைவிட்டு, யுனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினியின் நிரல்களுக்கிடையிலான இணைப்பு) ஒரு பைட் அனுப்பி எழுப்புகிறேன்.

டொக்கரில் (நிரலைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி) ஓட்டுவோர் கவனியுங்கோ: பகிர்நினைவகம் இயல்பாக 64 எம்பிதான், --shm-size தெரிவால் கூட்டலாம். கரண்ட் போனால் பகிர்நினைவகத் துண்டம் தானே அழியும். ஆனால் ஸ்ட்ரக்ட் (பதிவின் தரவமைப்பு) வடிவத்தை மாற்றி நிரலை மட்டும் மீளத் தொடங்கினால் பழையது அப்படியே கிடக்கும். முதலில் பழைய துண்டத்தை ரிமூவ் செய்யுங்கோ.