புதுப்பிப்பு: ஏற்காடு ஏற்றத்தில் இழுவை போன வண்டி

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த பெட்ரோல் வண்டி, சேலத்துக்குள் ஜோராக ஓடுகிறது, ஏற்காடு மலைப்பாதையில் பாதி தாண்டினால் இழுவையே இல்லை என்று. டர்போ போச்சு என்றவர்கள்தான் அதிகம். போகவில்லை!

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகிக்கொண்டு கூடவே மலையேறினார். மிதிக்க மிதிக்க இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) ஆறேழு டிகிரி பின்வாங்கியது, பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) இறங்கியது. "நாக் அடிக்குதுன்னு இஞ்சின் கம்ப்யூட்டர் நினைக்குதுங்க. நம்ம காதுக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

நாக் சென்சார் என்பது இஞ்சின் பிளாக்கில் முடுக்கிய, அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பீசோ காது. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும் 'நாக்' அதிர்வைத்தான் அது கேட்க வேண்டும். என் வண்டியில் அதன் பக்கத்திலேயே ஒரு பிராக்கெட், போல்ட் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் மாட்ட மறந்திருக்கிறார்கள். அந்தக் கடகடப்பை நாக் என்று நம்பி, இஞ்சினைக் காப்பாற்ற வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுழற்றும் புகையை வேறு வழியே விடும் கதவு) திறந்து பூஸ்ட்டைக் குறைத்திருக்கிறது கம்ப்யூட்டர். (ஸ்வீடன் நாட்டு சாப் கார்களில் இந்த வித்தை 1982-லேயே வந்துவிட்டது.)

போல்ட் 20 ரூபாய். நேற்று 20 கொண்டை ஊசி வளைவும் ஏசி போட்டபடியே ஏறினேன். பழைய டர்போ இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டவர்களே, வேண்டாங்க.