முதல் சி.பி. ஹெலி எங்கே சறுக்குது? பார்த்ததை எழுதுங்க

ஓ.எம்.ஆர். ரோட்டர்:
ரேடியோ கண்ட்ரோல் ஹெலில கோஆக்ஸியல் (மேலும் கீழுமா ரெண்டு ரோட்டர்), நாலு சேனல் ஃபிக்ஸட் பிட்ச் (பிளேடு கோணம் மாறாதது) எல்லாம் முடிச்சிட்டு முதல் கலெக்டிவ் பிட்ச், அதாவது சி.பி. மெஷின் (பிளேடு கோணத்தை மாத்தி ஏத்தி இறக்கறது) எடுக்கறவங்க எங்க மாட்டிக்கறாங்கன்னு ஆளுக்கு ஒண்ணு போடுங்க. எந்த பிராண்டு நல்லதுங்கற பட்டிமன்றம் வேண்டாம்.

திருப்போரூர் தாண்டி ஒரு காலி லேஅவுட். செகண்ட் ஹேண்ட் 450 (அது சைஸ் பேரு), 325 மி.மீ. கார்பன் பிளேடு, ஃப்ளைபார்லெஸ் (பேலன்ஸ் கம்பிக்குப் பதிலா எலக்ட்ரானிக் கைரோ), 3எஸ் 2200 பேட்டரி (மூணு செல், 2200 எம்.ஏ.ஹெச்.). ரட்டர் ஸ்டிக்கை (மூக்கைத் திருப்பறது) ஆட்டிப் பார்த்தாங்க, வால் பிளேடு சரியான பக்கம்தான் திரும்புச்சு. ஸ்பூல் அப், அதாவது ரோட்டர் வேகம் ஏத்தியாச்சு. ஸ்கிட்ல (கால்ல) எடை குறைஞ்ச அந்த நொடி மெஷின் பம்பரம். வலது ரட்டர் முழுசா கொடுத்தும் நிக்கல, வேகம்தான் ஏறுச்சு. மூணு சுத்து, ஒரு சாய்வு, பிளேடு மண்ணுல. பிளேடு ரெண்டு, ஃபெதரிங் ஷாஃப்ட் (ரெண்டு பிளேடையும் பிடிச்சிருக்கற குறுக்குக் கம்பி), மெயின் கியர், பூம் (வால் குழாய்) எல்லாம் காலி.

ஸ்டிக் திசை சரி, கைரோ (மெஷின் திரும்பறதை உணர்ந்து வாலைத் திருத்தற சென்சார்) திசை தலைகீழ். இது ரெண்டும் வேற வேற செட்டிங். மோட்டார் வயர் மூணையும் கழட்டிட்டு, பேட்டரி கொடுத்து, ஹெட்டைப் பிடிச்சுத் தூக்கி மூக்கை வெடுக்குன்னு இடதுபக்கம் திருப்பணும். வலது ரட்டர் கொடுத்தா வால் ஸ்லைடர் (வால் பிளேடு கோணத்தை மாத்தற பாகம்) எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போகணும். அடுத்து மூக்கைக் கீழ சாய்ச்சா ஸ்வாஷ்பிளேட் (ஹெட்டுக்குக் கீழ சாயற தட்டு) பின்பக்கம் சாயணும், அதாவது தரைக்கு மட்டமாவே நிக்கப் பார்க்கணும். இடது வலது சாய்வுக்கும் அதே. ஒரு நிமிஷ வேலை.

மொட்டைமாடி:
முதல் மெஷினே 450ன்னா இப்படித்தான் ஆகும். எக்ஸ்.கே. கே110 மாதிரி ஒத்த செல் மைக்ரோ எடுத்தா விழுந்தாலும் பெரும்பாலும் பிளேடு, மெயின் ஷாஃப்ட்டோட போயிடும்.

ஆனா அதுலயும் ஒரு கூத்து. 6ஜி மோடுல கையை எடுத்தா தானா மட்டமா நிக்கணும் இல்லையா? மந்தைவெளில ஒரு மாடியில அந்த ஹெலி ஒவ்வொரு தடவையும் ஒரே மூலைக்குப் போயிட்டு இருந்தது. கைப்பிடிச் சுவரை உரசற வரைக்கும் போகும். ட்ரிம் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. கடைசியில பார்த்தா அந்த மூலையிலதான் மழைத்தண்ணிக் குழாய் இருக்கு. மாடித் தளத்துக்கு அந்தப் பக்கம் வாட்டம் விட்டிருக்காங்க. லெவல் காலிப்ரேஷன் பண்ணினது அந்தத் தளத்துல. வாட்டத்தையே மட்டம்னு எடுத்துக்கிச்சு.

சமையல் மேடை கிரானைட் மேல ரசமட்டம் வச்சுப் பார்த்து, அங்க காலிப்ரேட் பண்ணுங்க. அப்பவும் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கும், அது கோளாறு இல்ல. ரோட்டர் மேலிருந்து பார்க்க கடிகாரச் சுத்து சுத்தறதால, அந்த முறுக்கைச் சமாளிக்க வால் ரோட்டர் மெஷினை இடதுபக்கம் தள்ளும். ஹோவர்ல (ஒரே இடத்துல அந்தரத்துல நிக்கறப்ப) ஒரு சி.பி. ஹெலி வலதுபக்கம் லேசா சாய்ஞ்சு நிக்கறதுதான் சரி.

ரிச்சி தெரு ரிசீவர்:
ரேடியோ பத்தி யாரும் பேசலையே. கே110 பெட்டி ஒருபக்கம், புத்தம்புது டி.எக்ஸ்16எஸ் ரேடியோ ஒருபக்கம், ரெண்டு மணி நேரமா ஹெலில லைட் கண் சிமிட்டிட்டே இருக்கு. பைண்ட் ஆகாது (ரேடியோவும் ஹெலியும் ஜோடி சேராது). ஆகவே ஆகாது. ஏன்னா வாங்கினது ஈ.எல்.ஆர்.எஸ். வெர்ஷன், ஹெலி பேசறது எஸ்-எஃப்.ஹெச்.எஸ்.எஸ்., ரெண்டும் வேற வேற ரேடியோ மொழி. ட்ரோன் ஆளுங்க எல்லாரும் ஈ.எல்.ஆர்.எஸ். வாங்குன்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கு அது சரி. ரெடிமேட் மைக்ரோ ஹெலிக்கு 4-இன்-1 மல்டி புரோட்டோகால் (பல மொழி பேசற) வெர்ஷன் வேணும். ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா ரேடியோவைத் தூக்கிப் போட வேண்டாம், பின்பக்கம் மாட்யூல் பே இருக்கு, வெளி மாட்யூல் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு: எஸ்-எஃப்.ஹெச்.எஸ்.எஸ். பைண்ட் ஆனாலும் பத்து மீட்டர்ல சிக்னல் போனா ஃப்ரீக்வென்சி ஃபைன் ட்யூன் பார்க்கணும். அந்த எண்ணை மேல ஏத்திட்டே போங்க, லிங்க் அறுந்து போற இடத்தைக் குறிச்சுக்கங்க. கீழ இறக்கி அதே மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல வச்சிடுங்க.

புதுசு_24:
ரொம்ப நன்றி அண்ணா. மாடிதான் சின்னதா இருக்கு. பெசன்ட் நகர் பீச்ல விழுந்தா மணல்தானே, மெத்து மெத்துன்னு இருக்குமே? இல்லன்னா பல்லாவரத்துல வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கிரவுண்டு இருக்கு.

கருமணல்:
தம்பி, பீச்சை மறந்துடு. மணல் மெத்தைன்னு நம்பி இறக்கின ஒரு எம்2 ஹெலியோட வால் மோட்டாரைப் பார்த்தா தெரியும். காந்தத்தைச் சுத்தி மீசை முளைச்ச மாதிரி கருப்பா நின்னுச்சு. நம்ம கடற்கரை மணல்ல இரும்புச்சத்துள்ள கருமணல் கலந்திருக்கு. ப்ரஷ்லெஸ் மோட்டார் அதை உறிஞ்சி எடுத்துக்கும். ஊதினா போகாது, பிரஷ்ஷுக்கும் அசையாது. செல்லோடேப்பைப் பசைப்பக்கம் வெளிய வர மாதிரி தீக்குச்சில சுத்தி, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவுல விட்டு ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஒரு துகள் மிச்சம் இருந்தாலும் காயில் எனாமலைச் சுரண்டிடும். இதுல வாலுக்குத் தனி மோட்டார், அது மக்கர் பண்ணினா நேரா பம்பரம்தான். உப்புக் காத்து பேரிங்கைத் தின்னறது தனி.

கேட்காததையும் சொல்லிடறேன். காத்து: சித்திரை வைகாசில காலை ஆறுலேருந்து எட்டரை வரைக்கும்தான் நம்ம நேரம். மத்தியானம் கடல்காத்து ஏறினா 300 கிராம் மெஷின் காகிதம் மாதிரி. பேட்டரி: மூடின கார்ல வெயில்ல வைக்காதே. முழு சார்ஜ்ல, அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்ல, ரெண்டு நாளைக்கு மேல போட்டு வைக்காதே. பறக்கலன்னா 3.8க்குக் கொண்டு வந்துடு. உப்பின பேக்கை "இன்னும் ஒரே ஒரு ஃப்ளைட்"னு ஓட்டாதே. டைமர்: 2200 பேக்னா நாலு நிமிஷத்துல இறக்கு, சார்ஜர் எத்தனை எம்.ஏ.ஹெச். திருப்பிப் போடுதுன்னு பாரு. 1760ஐத் தாண்டக் கூடாது, அது 80 சதவீதம். அதை வச்சு டைமரைக் கூட்டிக் குறைச்சுக்க. லேண்ட் ஆனதும் பேக்கைத் தொட்டுப் பாரு, கையில பிடிச்சுக்க முடியாத சூடுன்னா ஏதோ இழுக்குது, மெயின் கியர் மெஷ் (பல் கோர்வை) இறுக்கமா இருக்கலாம். பினியனுக்கும் (மோட்டார் பல்சக்கரம்) கியருக்கும் நடுவுல ஒரு துண்டு பேப்பர் விட்டுச் சுத்தினா பேப்பர் கசங்கணும், கிழியக் கூடாது. ஸ்பேர்: மைக்ரோவுக்கு பிளேடு மூணு ஜோடி, மெயின் ஷாஃப்ட் ரெண்டு, ஃபெதரிங் ஷாஃப்ட் ரெண்டு, பூம் ஒண்ணு. ஹெலியோட சேர்த்தே ஆர்டர் போடு. ஒரு ஷாஃப்டுக்காக மூணு வாரம் தபால்காரரைப் பார்த்துட்டு நிக்க வேண்டாம்.

ஓ.எம்.ஆர். ரோட்டர்:
பல்லாவரம் கிரவுண்டு வேண்டவே வேண்டாம் தம்பி. ஏர்போர்ட் அங்கதான் இருக்கு. 2021 ட்ரோன் விதிப்படி ஓடுற விமான நிலையத்தோட சுற்றளவுலேருந்து 8 கி.மீ.க்குள்ள பச்சை மண்டலமே (முன் அனுமதி இல்லாம பறக்கற இடம்) கிடையாது. 8லேருந்து 12 வரைக்கும் 200 அடி உயரம்தான். 250 கிராமுக்குக் கீழ நானோன்னா பைலட் சான்றிதழ் கேட்க மாட்டாங்க, மண்டலக் கணக்கு அதுக்கும் உண்டு. டிஜிட்டல் ஸ்கை மேப்ல (அரசாங்கத்தோட ட்ரோன் வரைபடம்) இடத்தைப் போட்டுப் பாத்துட்டுப் போங்க.

ஆலன் கீ:
முதல் பதிவுக்கு மறுப்பு. கைரோவைச் சொன்னீங்க, மெஷினையே பார்க்காம வாங்கினதைச் சொல்லல. செகண்ட் ஹேண்ட் 450 தப்பே இல்ல, பார்க்கத் தெரிஞ்சா. மைக்ரோவை விடக் காத்துல நிக்கும், கண்ணுக்கும் பெருசாத் தெரியும்.

மெயின் ஷாஃப்டை உருவி கண்ணாடி மேல உருட்டுங்க. அடியில வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிஞ்சா வளைஞ்சிருக்கு. ஃபெதரிங் ஷாஃப்டும் அப்படியே. விக்கிறவர் கழட்ட விடலன்னா எழுந்து வந்துடுங்க. ஹெட்டைக் கையால சுத்துங்க: ஒரு பக்கம் மோட்டார் கூட வரணும், மறுபக்கம் வராம ஹெட் மட்டும் சுத்தணும். ரெண்டு பக்கமும் வந்தாலும் சரி, ரெண்டு பக்கமும் நழுவினாலும் சரி, ஒன்-வே பேரிங் போச்சு. வாலைச் சுத்தறது பெல்ட்டா டார்க் ட்யூபான்னு (கியர் வச்ச சுத்தற தண்டு) பாருங்க. புதுசா பழகறவருக்கு பெல்ட்தான். வால் தரையில தட்டினா பெல்ட் கொஞ்சம் வழுக்கித் தப்பிக்கும், டார்க் ட்யூப்ல கியர் பல் உதிரும். பெல்ட்ல ஸ்டாட்டிக் வந்து எலக்ட்ரானிக்ஸ் குழம்பும்னு வெளிநாட்டு வீடியோல பயமுறுத்துவாங்க, அது வறண்ட ஊர்க் கதை. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அந்தக் கவலை குறைவு.

லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) விஷயம்தான் உறுத்துது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு 450, ஸ்பூல் அப் ஆகுது, "டப்"னு ஒரு சத்தம். ஒரு பிளேடு மெஷின்ல இல்ல. நாற்பது அடி தள்ளி முருங்கை மரத்துல கிளைக்குள்ள சொருகி நிக்குது. பிளேடு கிரிப் உள்ள ஃபெதரிங் ஷாஃப்ட் போல்ட்ல மருந்துக்குக் கூட லாக்டைட் இல்ல, கழண்டு கிரிப்போட போயிடுச்சு. 325 பிளேடு 2700 ஆர்.பி.எம்.ல சுத்தினா நுனி வேகம் மணிக்கு 360 கி.மீ. இரும்புக்குள்ள இரும்பு போற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழட்டி, ஆல்கஹால்ல எண்ணெய் துடைச்சு, நீல லாக்டைட் ஒரு பொட்டு. பிளாஸ்டிக்ல போடாதீங்க, வெடிப்பு விடும். பறக்கும்போது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்க, நண்பர்கள் உங்க முதுகுக்குப் பின்னால.

மொட்டைமாடி:
பத்து மீட்டர் தள்ளி நின்னா கே110ல மூக்கு எது வால் எதுன்னே தெரியாது சார்.

ஆலன் கீ:
அதனாலதான் 450ன்னேன்.

கருமணல்:
ரெண்டு பேரும் சிமுலேட்டரை மறந்துட்டீங்க. யு.எஸ்.பி.ல அதே ரேடியோவை மாட்டி, முதல்ல வாலைப் பார்த்து ஹோவர், அப்புறம் ரெண்டு பக்கவாட்டு, கடைசியா மூக்கு நம்மைப் பார்த்து. மூக்கு நம்ம பக்கம் திரும்பினா இடது வலது மாறிடும், விழறதுல பாதி அங்கதான்.

ரிச்சி தெரு ரிசீவர்:
ட்ரோன்லேருந்து வர்றவங்களுக்கு இது. அழகா இறங்கி, ஸ்கிட் ரெண்டும் தரையில. ஐடில்-அப் மோடு (ஸ்டிக்கை இறக்கினாலும் ரோட்டர் வேகம் குறையாது). ட்ரோன் பழக்கத்துல ஸ்டிக்கை அடி வரைக்கும் இழுத்தாச்சு. அங்க இருக்கறது மைனஸ் பத்து டிகிரி பிட்ச் (பிளேடு கோணம்). பிளேடு கீழ வளைஞ்சு பூமை வெட்டிடுச்சு, வெண்டைக்காய் நறுக்கின மாதிரி ஒரே வெட்டு.

ஆரம்பத்துல நார்மல் மோடு மட்டும் போதும்: பிட்ச் கர்வ் கீழ மைனஸ் 2, நடுவுல பிளஸ் 5, மேல பிளஸ் 10. ஐடில்-அப் சுவிட்சை ரேடியோல டிஸேபிள் பண்ணியே வையுங்க. மோட்டாரை நிறுத்த ஸ்டிக் கிடையாது, த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச்தான்.

புதுசு_24:
ஹோல்டு எந்தக் கை சுவிட்சுல வைக்கறது?

ரிச்சி தெரு ரிசீவர்:
பார்க்காமலே எட்டற இடத்துல, ஸ்டிக்கை விடாம விரல் போகணும். மோடு 2னா (த்ராட்டில் இடது ஸ்டிக்ல) வலது தோள்ல முன்பக்கத்து ரெண்டு-நிலை சுவிட்ச் நிறைய பேர் வைக்கறாங்க. பக்கத்துல ஐடில்-அப் சுவிட்ச் இல்லாம பார்த்துக்கங்க. அடுத்தடுத்து இருந்தா அவசரத்துல விரல் மாறும்.