வேட்டியில் ஒட்டும் இந்த விதை என்ன செடி?

நெல்லிக்குப்பத்திலிருந்து கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் கொய்யாத் தோப்பில் இடுப்பளவு ஒரு செடி. நீளக் கதிர், அதில் அரிசிபோல விதைகள் தலைகீழாக. வேட்டிக் கரை முழுக்க அதுதான். நேற்று எங்கள் நாயின் காதோர முடியில் சிக்கியதை அரை மணி நேரம் பிரித்தேன். பாவம், வலியில் முனகிக்கொண்டே இருந்தது. எப்படி ஒழிப்பது?

பாகூர்க்காரர்: நாயுருவிதான் அண்ணே. இலைகள் எதிரெதிரே, கணு புடைத்திருக்கும். கதிரைக் கீழிருந்து மேலாக உருவிப் பாருங்கள், விரலில் குத்தும். அரிவாளால் அறுக்காதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போதே, கதிர் முற்றுமுன் வேரோடு பிடுங்குங்கள். முற்றிவிட்டதா? கதிரைச் சாக்குக்குள் கவிழ்த்து அறுத்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் மட்டும் போடவே வேண்டாம், எருவோடு தோப்புக்கே திரும்பிவிடும்.

வில்லியனூர் அக்கா: முட்டை வடிவில் கொக்கி முள்ளோடு காய் இருந்தால் அது மருளூமத்தை. ஒரு காய்க்குள் 2 விதை. ஒன்று முளைத்த பிறகும் மற்றது காத்திருக்கும். அதனால் அடுத்த மழைக்கும் களையெடுக்க வேண்டும். இளநாற்று மாட்டுக்கு விஷம், மேயவிடாதீர்கள். நாய்க்குக் குளிப்பாட்டும் முன்பே சீப்பு போடுங்கள் தம்பி, நனைந்தால் சிக்கு இறுகும்.

கேட்டவர்: கதிரை உருவிப் பார்த்தேன், குத்துகிறது. நாயுருவியேதான். நாளைக் காலையில் சாக்கோடு இறங்குகிறேன்.