எம்எம்ஆரும் ஆட்டிசமும்: "தொடர்பில்லை" என்று எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்?

தும்பை:
தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்து 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த வேக்ஃபீல்ட் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் காப்பாற்ற நான் வரவில்லை. என் கேள்வி வேறு. 2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) தன் இணையப் பக்கத்தை மாற்றியது. "தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்காது" என்ற கூற்று ஆதாரத்தின் மேல் நிற்கவில்லை, கைக்குழந்தைத் தடுப்பூசிகள் காரணமாக இருக்கலாம் என்பதை ஆய்வுகள் விலக்கவில்லை என்று எழுதியது. நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எம்எம்ஆரையோ, சில ஊசிகளில் கெடாமலிருக்கச் சேர்த்த பாதரசச் சேர்மமான தைமரோசலையோ மட்டும் பார்த்தவை. பிறகு எந்தத் துணிவில் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் சேர்த்து "தொடர்பில்லை" என்கிறீர்கள்?

ஊடுபாவு:
அந்தக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. அதில் இருந்தது 12 குழந்தைகள், ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆனால் அதன் பின்னால் இருந்த கருதுகோளைச் சோதிக்க முடியும், சோதித்தும் விட்டார்கள். ஊசியிலுள்ள தட்டம்மை வைரஸ் குடலில் தங்கி, குடல்சுவரைக் கெடுத்து, அந்த வழியாக மூளையைப் பாதிக்கிறது என்பது கருதுகோள். அப்படியென்றால் குடல் திசுவில் வைரஸ் அகப்பட வேண்டும். அகப்பட்டது என்று 2002-இல் ஓர் ஆய்வகம் அறிவித்தது.

அமெரிக்கத் தடுப்பூசி நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தபோது, பிசிஆர் (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வல்லுநர் ஸ்டீபன் பஸ்டின் அந்த ஆய்வகத்தின் பதிவுகளை ஆராய்ந்து சாட்சி சொன்னார். தட்டம்மை வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. பிசிஆர் பெருக்குவதோ டிஎன்ஏவை. அதனால் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைப் போட்டு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்ற வேண்டும். அந்தப் படி விடுபட்டால் வைரஸ் இருந்தாலும் ஒன்றும் பெருகாது. அங்கே அந்தப் படி விடுபட்ட ஓட்டத்திலும் "வைரஸ் உண்டு" என்று முடிவு வந்திருந்தது. கருவி கண்டது ஆய்வகத்துக்குள் பரவியிருந்த டிஎன்ஏ மாசு, குழந்தையின் குடலில் இருந்த வைரஸ் அல்ல. 2008-இல் மூன்று ஆய்வகங்கள், எந்த மாதிரி யாருடையது என்று தெரியாமலே மீண்டும் சோதித்தன. ஆட்டிசமும் குடல் தொல்லையும் உள்ள 25 குழந்தைகள், குடல் தொல்லை மட்டும் உள்ள 13 குழந்தைகள். இரு குழுவிலும் தலா ஒருவரிடம்தான் வைரஸ் இருந்தது.

தும்பை:
குடல் வழி இல்லை, சரி. வேறு வழி இருக்கலாமே? லட்சக்கணக்கில் குழந்தைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், மரபணு காரணமாக எளிதில் பாதிக்கப்படும் ஒரு சிறு கூட்டம் அதில் கரைந்துவிடும். என் முதன்மையான மறுப்பு இதுதான்.

கணக்கன்:
எவ்வளவு சிறிய கூட்டம் கரையலாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2019 டென்மார்க் ஆய்வில் 6,57,461 குழந்தைகள். ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் 6,517, அதாவது ஏறக்குறைய 1%. எம்எம்ஆர் போட்டவர்களைப் போடாதவர்களோடு ஒப்பிட்டால் அபாய விகிதம் 0.93 (1 என்றால் வேறுபாடு இல்லை); உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, அதாவது 95% நம்பக இடைவெளி, 0.85 முதல் 1.02 வரை. உங்களுக்குச் சாதகமாக மேல் எல்லையான 1.02-ஐயே எடுத்துக்கொள்வோம். 1%-இல் 2% கூடுதல் என்றால் 10,000 குழந்தைகளில் 2 பேர். சராசரிக்குள் ஒளிந்துகொள்ள இருக்கும் இடம் அவ்வளவுதான்.

அதோடு, நீங்கள் சொல்லும் கூட்டத்தைத் தனியாகவும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மரபுச் சாய்வு உள்ள குழந்தை யார்? அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் குழந்தை. 2015-இல் அமெரிக்காவில் மூத்த உடன்பிறப்பு உள்ள 95,727 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 1,929 பேருடைய மூத்தவருக்கு ஆட்டிசம். அந்தக் குழுவிலும் எம்எம்ஆரால் அபாயம் கூடவில்லை.

தும்பை:
மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் வந்த வீட்டில் இளையதுக்கு ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் ஊசி போடாத பக்கம் ஆட்டிசம் கூடுதலாகத் தெரியும், ஊசி நல்லது போலக் காட்டும். அந்த 0.93-க்குள்ளும் இது கலந்திருக்கலாம்.

கணக்கன்:
நியாயமான மறுப்பு. அந்தச் சாய்வு உண்டு, ஆய்வாளர்களும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் பெற்றோரின் முடிவு குறுக்கே வராத ஆய்வும் வேண்டும். ஜப்பானில் கிடைத்தது. 1993-இல் நாடு முழுக்க எம்எம்ஆரை நிறுத்தினார்கள். நிறுத்தியதற்கு ஆட்டிசம் காரணமல்ல. பொன்னுக்குவீங்கிக் கூறான உராபே வகை வைரஸ் சிலருக்கு மூளையுறை அழற்சியைத் தந்தது. யோகோஹாமாவில் 1988 முதல் 1996 வரை பிறந்தவர்களை ஏழு வயதுவரை தொடர்ந்தார்கள். எம்எம்ஆர் சரிந்து பூஜ்யமான பிறகு பிறந்தவர்களிடையிலும் ஆட்டிசம் ஏறிக்கொண்டேதான் போனது.

வெண்மதி:
எல்லாம் எண்ணிக்கையாகவே போகிறது. பதினைந்து மாதத்தில் ஊசி, பதினெட்டு மாதத்தில் பேசிக்கொண்டிருந்த சொற்கள் போய்விட்டன என்று சொல்லும் தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் கண்டது பொய்யா?

ஊடுபாவு:
பொய்யில்லை. சொற்கள் போனதும் உண்மை, ஊசி போட்டதும் உண்மை. அந்த அம்மாக்களை ஏளனமாக நடத்தியது மருத்துவ உலகம் செய்த பெரிய தீங்கு என்றே நினைக்கிறேன். ஆனால் அமெரிக்க அட்டவணைப்படி எம்எம்ஆர் 12 முதல் 15 மாதத்தில் போடப்படுகிறது. பேச்சுப் பின்னடைவு பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள் தெரிகிறது. ஊசி காரணமோ இல்லையோ, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். பின்லாந்தில் 1986-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல உரைகல். 581 ஜோடி இரட்டையர். ஒரு பிள்ளைக்கு எம்எம்ஆர், மற்றதுக்கு வெற்று ஊசி; மூன்று வாரம் கழித்து மாற்றிப் போட்டார்கள். எது எதுவென்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஊசிக்குப் பிறகு சொல்லப்பட்ட தொல்லைகளில் மிகப் பெரும்பகுதி வெற்று ஊசிக்குப் பிறகும் அதே அளவில் இருந்தது. உண்மையில் ஊசியால் வந்தவை 0.5 முதல் 4% வரைதான்.

இன்னொன்று. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் பிறர் கண்களைப் பார்ப்பது 2 முதல் 6 மாதத்துக்குள்ளேயே குறையத் தொடங்குகிறது என்று 2013-இல் கண்ணசைவுக் கருவியால் பதிவு செய்திருக்கிறார்கள். எம்எம்ஆருக்கு அப்போது இன்னும் அரை வருடமாவது இருக்கிறது.

தும்பை:
அதே ஆறு மாதத்தில்தான், எதிர்ப்புசக்தியைத் தூண்ட அலுமினிய உப்பு சேர்த்த ஊசிகள் போடப்படுகின்றன. உங்கள் வாதம் என் பக்கம்தான் திரும்புகிறது.

வெண்மதி:
பாதரசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்:
பாதரசத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எம்எம்ஆரில் தைமரோசல் எக்காலத்திலும் இருந்ததில்லை. உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசியில் அதைச் சேர்த்தால் ஊசியே பயனற்றுப் போகும். மற்ற ஊசிகளில் இருந்தது எத்தில் பாதரசம். மீனில் சேர்வது மெத்தில் பாதரசம். முன்னது கைக்குழந்தையின் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கு நாளில் பாதியாகிறது. பின்னதுக்கு வாரக்கணக்கில் ஆகும். டென்மார்க் 1992-இல் தைமரோசலை நிறுத்தியது. அமெரிக்கா 2001-க்குள், சில ஃப்ளூ ஊசிகள் தவிர, குழந்தை ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டது. இரு நாட்டிலும் ஆட்டிசப் பதிவு குறையவில்லை.

அலுமினியத்துக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள்: முதல் ஆறு மாதத்தில் ஊசிகளால் 4.4 மில்லிகிராம், தாய்ப்பாலில் 7 மில்லிகிராம் என்று.

தும்பை:
அது தவறான ஒப்பீடு. வாய்வழி போவதில் 1%-க்கும் குறைவாகவே இரத்தத்தில் சேரும். ஊசியில் போனது நாளடைவில் முழுவதும் சேரும்.

ஊடுபாவு:
தும்பை சொல்வது சரி. அந்தத் தாய்ப்பால் கணக்கை நம் பக்கத்தார் கைவிட வேண்டும். நேரடி விடை 2025-இல் வந்த டென்மார்க் ஆய்வில் இருக்கிறது. 1997 முதல் 2018 வரை பிறந்த 12 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், 50 நோய்கள். ஆண்டுக்கு ஆண்டு ஊசித் தயாரிப்புகள் மாறியதால் குழந்தைகள் பெற்ற அலுமினிய அளவும் மாறியது. இரண்டு வயதுக்குள் கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் அபாயம் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஆட்டிசம் ஏறவில்லை. ஒரு குறை உண்டு: அலுமினியமே பெறாதவர்கள் அங்கே மிகச் சிலர். எனவே அந்த ஆய்வு "கூடுதலா, குறைவா" என்பதற்குத்தான் வலுவான விடை. "உண்டா, இல்லையா" என்பதற்கு அவ்வளவு வலுவில்லை.

வெண்மதி:
ஊசியால் தீங்கே வராது என்றுதானே கடைசியில் சொல்ல வருகிறீர்கள்?

ஊடுபாவு:
இல்லவே இல்லை. எம்எம்ஆருக்குப் பின் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒரு காய்ச்சல் வலிப்பு. 30,000 முதல் 40,000-க்கு ஒருவருக்கு இரத்தத் தட்டணுக்கள் குறையும். பத்து லட்சத்துக்கு ஓரிருவருக்குக் கடும் ஒவ்வாமை. முதல் ரோட்டா வைரஸ் ஊசியான ரோட்டாஷீல்ட் ஏறத்தாழ 10,000-க்கு ஒரு குழந்தைக்குக் குடல் செருகலை (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைவதை) தந்தது. முதல் 15 புகார்களிலேயே எச்சரிக்கை எழுந்து, 1999-இல், ஓராண்டு அளவிலேயே சந்தையை விட்டுப் போனது. 2009 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றின்போது போட்ட பாண்டெம்ரிக்ஸ் ஊசி நார்கோலெப்சி என்ற தூக்க நோயைச் சிலருக்குத் தந்ததைப் பின்லாந்தும் சுவீடனும் கண்டுபிடித்தன. பத்தாயிரத்தில் ஒன்றாக வரும் தீங்கைப் பிடித்த அதே கண்காணிப்புதான் ஆட்டிசத்தையும் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகத் தேடியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கருவில் ருபெல்லா தாக்குவது ஆட்டிசத்துக்கு அறியப்பட்ட காரணம். அமெரிக்காவில் 1964 ருபெல்லா பெருந்தொற்றுக்குப் பின் பிறந்த 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார்: 10 பேருக்கு ஆட்டிசம், 8 பேருக்குப் பகுதி அறிகுறிகள். எம்எம்ஆரின் மூன்றாவது எழுத்து தடுப்பது அந்த நோயைத்தான்.

தும்பை:
எம்எம்ஆர், தைமரோசல் இரண்டிலும் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். முதல் ஆறு மாத ஊசிகளை மொத்தமாகப் பெறாத குழந்தைகளோடு ஒப்பிடும் நல்ல ஆய்வு வேண்டும் என்பதில் மாறவில்லை.

கணக்கன்:
கேட்பது தவறில்லை. ஆனால் வடிவத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஊசியே போடாத வீட்டார் மருத்துவரிடம் குறைவாகப் போவார்கள், ஆட்டிசம் பதிவாவதும் குறையும். ஊசி கெட்டதுபோலத் தெரியும். 2017-இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களில் 666 குழந்தைகளைப் பற்றி, தாய்மார் இணையத்தில் நிரப்பிய படிவத்தை மட்டும் வைத்து எழுதிய கட்டுரை இங்கேதான் வழுக்கியது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே வயதில், ஊசி விவரம் தெரியாத ஒருவர் நேரில் மதிப்பிட வேண்டும். அது இல்லாத ஆய்வு எந்தப் பக்கம் முடிவு சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

வெண்மதி:
மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம், இளையதுக்கு இப்போது 11 மாதம். அப்படிப்பட்ட வீட்டார் என்ன செய்வது?

ஊடுபாவு:
தள்ளிப்போட வேண்டாம். 16 மாதத்துக்குப் பின் போட்டால் காய்ச்சல் வலிப்பு வாய்ப்பு குறைவதில்லை, கூடுகிறது. வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், முதல் டோஸுக்குச் சின்னம்மையும் சேர்ந்த நான்கு-நோய் ஊசி வேண்டாம், எம்எம்ஆரையும் சின்னம்மை ஊசியையும் தனித்தனியாகப் போடுங்கள் என்று கேட்கலாம். கலவையில் 2,300 டோஸுக்கு ஒரு வலிப்பு கூடுதலாக வருகிறது. கடுமையான எதிர்ப்புசக்திக் குறைபாடோ, நியோமைசின், ஜெலட்டின் ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ஊசித்தூளை அதனுடன் வந்த திரவத்தில்தான் கரைக்கிறார்களா, எப்போது கரைத்தார்கள் என்று கேளுங்கள். பலருக்குப் போடும் குப்பியைக் கரைத்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது. 2018-இல் சமோவாவில் திரவத்துக்குப் பதில் தசைத்தளர்வு மருந்தைக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பயத்தில் ஊசி போடுவது சரிந்து, 2019-இல் தட்டம்மையில் 83 பேர் போனார்கள்.

காய்ச்சல் அன்றிரவே வரும் என்று காத்திருந்துவிட்டு, வரவில்லை என்று விட்டுவிடக் கூடாது. எம்எம்ஆர் காய்ச்சல் 6-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாள்வரைதான் வரும். அந்த நாட்களில் வெப்பமானி கையில் இருக்கட்டும். ஆட்டிசச் சோதனையைப் பொறுத்தவரை 18 மாதம்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூத்தவருக்கு ஆட்டிசம் என்று சொல்லி, கண்பார்வைத் தொடர்பையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பதையும் இப்போதே பார்க்கச் சொல்லலாம்.