அப்பா பேசினார் என்று நான் சொன்ன பொய்

அப்பா விட்டுவிட்டுப் போன வீட்டில் வளரும் ஒரு அக்கா, ஒரு தம்பி, அவ்வளவுதான் நான் நூலகத்தில் எடுத்துப் படித்த அந்த நாவல். பாதியில் அக்காவே ஒரு கடிதம் எழுதி, அப்பா போட்டது என்று தம்பியிடம் கொடுப்பாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நானும் அதைத்தான் செய்தேன், கடிதத்துக்குப் பதில் போன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2012-ல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள், எங்கள் வாய்க்காலுக்கு வந்தது வயலை நனைக்கக்கூடப் போதாமல் அப்பா குத்தகை நிலத்தில் விதைத்த சம்பா கண்ணெதிரே கருகியது. பொங்கல் கழிந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர் இரண்டு மாதம் பணம் அனுப்பினார். அப்புறம் பணமும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் எங்களைக் காப்பாற்றினாள். அவர் பேரை எடுக்கவே மாட்டாள்.

தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. தினமும் சாயங்காலம் திருவாரூர் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நிற்பான். பார்க்கப் பொறுக்காமல், "நீ பள்ளிக்கூடம் போயிருந்தப்ப அப்பா பேசினார்டா, உனக்கு சைக்கிள் வாங்கிட்டு வருவாராம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அப்பாவின் மண்வெட்டியை யாரையும் தொடவிடமாட்டான். 2018-ல் கஜா புயல் கூரையைப் பிய்த்துப் போட்ட காலையில் நானும் அம்மாவும் ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருக்க, அவன் ஈர ஓலைக்குள் கைவிட்டு அந்த மண்வெட்டியைத்தான் முதலில் இழுத்தான். பிடி முறிந்திருந்தது. இரும்பைத் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்தான்.

சரி, நாவலுக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்து முடித்தேன். கடைசியில் அப்பா திரும்பி வருகிறார், எல்லாரும் அழுகிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையே! அவர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அவர்கள் இருவரும் பேசியாக வேண்டியது அதுதானே?

அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப சைக்கிளும் நீ சொன்னதுதானாக்கா?"

ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

மூன்று நாள் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. நாலாம் நாள் அவனே கூப்பிட்டு, ஊருக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னான். மன்னார்குடி நூலகத்துப் புத்தகம், தவணை முடிந்திருந்தது. இன்று காலை போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.