நீல நரிக்குச் சாயம் வெளுத்த கதை

சென்னையிலிருந்து:

அக்கா பையனுக்கு ஏழு வயது. தினமும் தூங்கப் போகும்முன் சாயத்தொட்டியில் விழுந்த நரி கதைதான் வேண்டும். வேறு கதை ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல் நடிப்பான். அவன் பிறந்தநாளுக்கு அந்த நரியையே ஒரு தலையணை உறையில் எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கலாம் என்று இறங்கினேன்.

படம் நானே வரைந்தது. நிமிர்ந்து உட்கார்ந்த நரி, ஒரு காதில் மாட்டித் தொங்கும் கிரீடம், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஓரக்கண்ணால் பார்க்கிற பார்வை. வெள்ளை பாப்ளின், ஏழு அங்குல வளையம்.

முதலில் செய்த தப்பு, ஒரே நீலத்தை எடுத்து உடம்பு முழுக்க இழையோடு இழை ஒட்டும் சாட்டின் தையலாக நிரப்பியது. பளபளவென்று பிளாஸ்டிக் வாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் வேலையைப் பிரித்துப் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் போட்டு விற்கும் டிஎம்சி கம்பெனி நூலில் 312, 322, 334, 3325 என்று நான்கு நீலம் வாங்கினேன். முதுகில் அடர்த்தியானது, வயிற்றுக்கு வர வர வெளிறியது. ஆறு பிரி நூலிலிருந்து ஒரே ஒரு பிரியை உருவி, நீளமும் குட்டையுமாகத் தையல். ஒரு சிட்டம் எட்டு மீட்டர். ஒற்றைப் பிரியாகப் போட்டால் நாற்பத்தெட்டு மீட்டர். தீரவே தீராது என்று நினைத்தேன்.

நான்கு நிறம் இருந்தும் நரி வரவில்லை. காரணம் நிறமில்லை, மயிர் ஓடும் திசை. மூக்கிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து காதுக்கு, கழுத்தில் கீழ்நோக்கி, தொடையில் வளைந்து என்று பென்சிலால் சின்னச் சின்ன அம்புகள் போட்டுக்கொண்டு, அதன் வழியே ஊசியை விட்ட பிறகுதான் அது மிருகமானது. தெருநாய் ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் அம்புகளை வரைந்தேன் என்பது நமக்குள் இருக்கட்டும். காதுக்குள் மட்டும் 433 பழுப்பு. அங்கே சாயம் எட்டியிருக்காது அல்லவா? கதையில் இல்லை, என் சேர்க்கை.

மூன்று வாரம் ஓடியது. கடைசி ஞாயிற்றுக்கிழமை 312 தீர்ந்துவிட்டது. வயிற்றெரிச்சல் இங்கேதான். பக்கத்துத் தெரு கடையில் லேபிள் இல்லாத ஒரு நீலச் சிட்டம் கிடைத்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல் அதே நிறம். காது ஓரமும் முதுகின் மேல்கோடும் அதில்தான் முடித்தேன். பென்சில் கோடு போகட்டும் என்று வாளியில் முக்கினேன். மழையில் வெளுக்க வேண்டிய சாயம் என் வீட்டு வாளியில் வெளுத்தது. நரியின் முதுகுக்கு மேலே வெள்ளைத் துணியில் நீலமாக ஒரு புகை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது மிருகம் மாட்டியிருக்கும். சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து:

மகளே, முதலில் துணியைக் காயவிடாதே. காய்ந்துவிட்டால் கறை உட்கார்ந்துவிடும், மேலே இஸ்திரி போட்டால் முடிந்தது கதை. குளிர்ந்த தண்ணீரில் முழுதாக ஊறப்போடு. தண்ணீர் நீலமாக ஆக ஆக மாற்றிக்கொண்டே இரு, ராத்திரி எழுந்தும் மாற்று. வினிகர் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்றும்போது புளிப்புக்கு வேலை உண்டு, பருத்தி நூலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. இனிமேல் புது நூல் வாங்கினால் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு ஊசியில் கோர்.

எங்கள் ஊரில் இந்த வேலைக்கு வயது அதிகம். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். என் பாட்டி காலத்திலும் ஊசியும் நூலும் இல்லாத திண்ணை குறைவு. ஆனால் அவர்கள் போட்டதெல்லாம் பூவும் கொடியும். மிருகம் போட்டால் சிரிப்பார்கள்.

நான் அறுபது வயதுக்கு மேல்தான் துணிந்தேன். பேத்தியின் பாவாடை ஓரத்தில் வடை திருடிய காக்கா. காக்கா கறுப்புத்தானே, ஒரு சிட்டம் 310 போதும் என்று உட்கார்ந்தேன். போட்டு முடித்தால் துணியில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது! இறகும் தெரியவில்லை, கழுத்தும் தெரியவில்லை. முற்றத்துக் காக்காவை நன்றாகப் பார்த்தேன். வெயில் பட்டால் சிறகில் நீலம் மின்னும், கழுத்தோ சாம்பல். 336 கருநீலத்தில் சிறகுக்குக் காம்புத் தையல், கழுத்துக்கு 414 சாம்பல், மிச்சத்துக்குக் கறுப்பு. அப்போதுதான் அது பறவையானது.

வடைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 435-இல் சங்கிலித் தையலை வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போட்டு, நடுவில் துணியை விட்டுவிட்டேன். ஓட்டை விடாவிட்டால் பேத்தி போண்டா என்பாள். கறுப்பில் மூன்று பிரெஞ்சு முடிச்சு போட்டேன், அது மிளகு. நரியைப் போடவில்லை. போட்டால் வடை போய்விடுமாம், பேத்தி விடவில்லை.

மதுரையிலிருந்து:

வீட்டில் ஊசி பிடிப்பது நான்தான் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இன்னும் நம்புவதில்லை. மகள் பிறக்கும்முன் ஒரு பனியன் சட்டையில் குடை பிடித்த யானை போட்டேன். யானை குடையைத் துதிக்கையில் பிடித்திருக்கும், ஆனால் குடை எலி அளவுதான்.

பனியன் துணி இழுத்தால் இழுபடும் என்று தெரிந்தும் வளையத்தில் முரசு மாதிரி விறைப்பாக மாட்டிவிட்டேன். கழற்றியதும் துணி சுருங்க, யானை முழுக்கச் சுருக்கம். குதிரையாக இருந்திருந்தால் தலைகுனிந்திருப்பேன். யானை என்பதால் தப்பித்தேன், “தோல் தத்ரூபமாக இருக்கிறது” என்று மாமனார் பாராட்டினார். அடுத்த சட்டைக்குப் பின்பக்கம் மெல்லிய ஒட்டுத் துணியை இஸ்திரி போட்டு ஒட்டி, இழுக்காமல் மாட்டினேன். சுருக்கமே இல்லை. பழைய யானைதான் அழகு என்று இப்போது எனக்கே தோன்றுகிறது.

நிறத்தில் நானும் உங்களைப் போலத்தான் அக்கா. 413, 414, 415 மூன்றும் சாம்பல், மூன்றையும் சேர்த்தால் சிமென்ட் மூட்டை. கோயில் யானையின் காது ஓரத்திலும் துதிக்கையிலும் ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும் இல்லையா, அதை ஒற்றைப் பிரியில் விதை விதையாகத் தூவியதும் உயிர் வந்தது.

குழந்தைச் சட்டைக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். தையலை நீளமாக விடாதீர்கள், விரல் மாட்டும். பின்பக்கம் முடிச்சே போடாமல் நூல் நுனியைத் தையலுக்குள் செருகிவிடுங்கள். என் முதல் சட்டையின் முடிச்சுகள் குத்தி, மகள் வயிற்றில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுதுவதற்கில்லை.

கோவையிலிருந்து:

எல்லோரும் உடம்பைப் பற்றியே சொல்றீங்க, எனக்குக் கண்ணுதான் வினை. சிங்கத்தைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போன முயலுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி ஒரு சுவர்ப்படம் போட்டேன். கண்ணுக்குக் கறுப்பில் சின்ன சாட்டின் வட்டம், அதில் வெள்ளையாக ஒற்றைப் பிரி முடிச்சு, வெளிச்சம் படுவதுபோல. வட்டத்தின் நட்டநடுவில் வைத்தேன். முயல் பேயைப் பார்த்த மாதிரி முழித்தது! பிரித்து, மேலே ஓரமாக இரண்டு இழை தள்ளி வைத்தேன். அப்போதுதான் திட்டம் போடுகிற முயல். ஐந்து முறை பிரித்ததில் துணி நைந்து, உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கண்ணை முதலில் போட்டுவிடுகிறேன். முகம் சரியில்லை என்றால் உடம்புக்குச் செலவழிக்கிற நேரமாவது மிஞ்சும்.

வால் பற்றி யாரும் சொல்லவில்லையே? டர்க்கி முடிச்சில் வளையம் வளையமாக விட்டு, நறுக்கி, ஈர்க்கொல்லிச் சீப்பால் வாரினால் பஞ்சு மாதிரி நிற்கும். நரி வாலுக்கும் எடுபடும். வீட்டில் அந்தச் சீப்பைக் காணோம் என்று தேடினால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்க.

உங்க நரியின் கறை கீழ்ப்பக்கம் வந்திருந்தால் கவலையே இல்லைங்க, அதைச் சாயத்தொட்டி ஆக்கிவிடலாம்.

சென்னையிலிருந்து:

கறை மேலேதான், தொட்டிக்கு வழியில்லை. நாகர்கோவில் அம்மா சொன்னபடி இரண்டு நாள், பதினொரு முறை தண்ணீர் மாற்றினேன். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் காதுக்கு மேலே மங்கலாக ஒரு மேகம் மாதிரி நின்றுவிட்டது.

மேகம் என்று தோன்றியதும் அதை விடவில்லை. சாம்பலில் ஓரம் கட்டி, அதன் கீழே 3325-இல் லேஸி டெய்ஸி என்கிற ஒற்றை வளையத் தையலில் சின்னச் சின்ன மழைத்துளிகள் போட்டேன். லேபிள் இல்லாத நூலை முதுகிலிருந்து உருவி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பழுப்பு. சாயம் அங்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது, நரிக்கு இன்னும் தெரியாது.

பையன் உறையை மடியில் வைத்துத் துளிகளை எண்ணினான். இருபத்து மூன்று. பிறகு மதுரை யானையின் குடையை நரிக்கு வாங்கித் தர முடியுமா என்று கேட்டான். யானையைப் பற்றிச் சொன்னது என் தப்புதான். சிவப்பு நூல் வாங்க வேண்டும், இந்த முறை லேபிள் பார்த்து.