ஏலக்காய் லிட்டர் வெயிட், விலை: ஸ்கேட்டர் சார்ட்டில் கீழ் அச்சு தப்பாக வருகிறது

கம்பம்மெட்டு:
புத்தடி, போடி இரண்டு இ-ஏலத்திலும் எடுத்த லாட்டுகளின் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. ஏ-வில் தேதி, பி-யில் லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை, கிராமில்), சி-யில் கிலோ விலை, டி-யில் ஏல மையம். மொத்தம் 214 வரி. வெயிட் கூடக்கூட விலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பி, சி இரண்டையும் செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் (புள்ளி வரைபடம்) போட்டால், கீழே 380, 410 என்று வராமல் 0, 50, 100 என்று 250 வரை ஓடுகிறது. இதைச் சரிசெய்வது எப்படி? இரண்டு மையத்துக்கும் தனித்தனி நிறமும் வேண்டும்.

குமுளி கணக்கு:
அண்ணே, பி-யில் எங்கோ எண்ணுக்குப் பதில் எழுத்து கிடக்கிறது. ஒரே ஒரு செல் அப்படி இருந்தாலும் போதும், எக்செல் மொத்த வெயிட்டையும் தள்ளிவிட்டு 1, 2, 3 என்று வரிசை எண்ணை வைத்துக்கொள்ளும்.

காலி செல்லில் பி2 முதல் பி215 வரை கவுண்ட் ஃபார்முலா போடுங்க. அது எண்ணை மட்டும்தான் எண்ணும். 214-க்குக் குறைந்தால், ஃபில்டர் பட்டியலின் அடியில் பாருங்க, எழுத்தெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். பெரும்பாலும் கிராமைச் சேர்த்து "412 கி" என்று அடித்ததாக இருக்கும். வெப் பக்கத்திலிருந்து காப்பி பண்ணியதில் ஒட்டிவரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் இப்படிச் செய்யும். அந்த இடைவெளியையே காப்பி பண்ணி கண்ட்ரோல் எச்-சில் ஒட்டி, மாற்று இடத்தைக் காலியாக விட்டு ரிப்ளேஸ் ஆல் கொடுங்க. அலகு தெரிய வேண்டுமானால் நம்பர் ஃபார்மேட்டில் கஸ்டம் போய் 0" கி" என்று வையுங்க, செல்லுக்குள் அடிக்காதீங்க.

எண் சரியானதும் அச்சு 0-விலிருந்து தொடங்கிப் புள்ளிகள் வலது ஓரத்தில் குவியலாம். மிகக் குறைந்த எண், மிகப் பெரிய எண்ணில் ஆறில் ஐந்து பங்குக்குக் கீழே போனால் எக்செல் 0-வை இழுத்துவரும். அச்சில் ரைட் கிளிக், ஃபார்மேட் ஆக்சிஸ், மினிமம் 360, மேக்சிமம் 460. பார் சார்ட்டில் இப்படி வெட்டக் கூடாது, ஸ்கேட்டரில் வெட்டலாம்.

செங்கோட்டை வடக்கு:
நிறத்துக்கு: ஈ-யில் இஃப் ஃபார்முலா. டி-யில் புத்தடி என்றிருந்தால் சி-யின் விலை, இல்லாவிட்டால் என்ஏ (மதிப்பு இல்லை என்று சொல்லும் ஃபார்முலா). எஃப்-பில் போடிக்கும் அதே மாதிரி. பி, ஈ, எஃப் மூன்றையும் கண்ட்ரோல் பிடித்து செலக்ட் பண்ணி சார்ட் போட்டால் இரண்டு சீரிஸ் வரும். என்ஏ-க்குப் பதில் வெறும் மேற்கோள் குறி கொடுத்தால் புள்ளிகள் 0-வில் போய் விழும். புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மார்க்கர் ஃபில்லில் டிரான்ஸ்பரன்சி 60 வையுங்க.

போடி ஸ்டோர்:
நிறம் பிரித்தாலும் புள்ளிகளின் நடுவே போகிற டிரெண்ட்லைன் கோட்டை அப்படியே நம்பிவிடாதீங்க. விலை நாளுக்கு நாள் மாறுகிற சரக்கு இது. ஒரு நாள் 2,400 ரூபாய் சராசரி, வந்த காயின் லிட்டர் வெயிட் 400 முதல் 430. இன்னொரு நாள் 2,900 சராசரி, வந்த காய் 375 முதல் 400. அந்தந்த நாளுக்குள் கோடு மேலே ஏறும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வெயிட் கூடக்கூட விலை இறங்குவதாகக் காட்டும். தப்பு கணக்கில் இல்லை, நாட்களைக் கலந்ததில் இருக்கிறது.

ஜி-யில் லிட்டர் வெயிட்டிலிருந்து அன்றைய, அந்த மையத்தின் சராசரி வெயிட்டைக் கழியுங்க. தேதி, மையம் இரண்டையும் நிபந்தனையாகக் கொடுத்தால் ஆவரேஜ்இஃப்ஸ் சராசரியைத் தரும். எச்-சில் விலைக்கும் அப்படியே. விலையில் மட்டும் கழித்து வெயிட்டை விட்டுவிட்டால் கோட்டின் ஏற்றம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே ஒரு லாட் எடுத்த நாட்கள் இரண்டிலும் 0 ஆகிவிடும், அவற்றை நீக்கிவிடலாம்.

ஜி, எச் இரண்டையும் ஸ்கேட்டர் போட்டால் அச்சு நடுவில் ஓடி எண்கள் புள்ளிகளோடு மோதும். லேபிள் பொசிஷனை லோ ஆக்குங்க. பிறகு ஸ்லோப் ஃபார்முலாவில் முதலில் எச், பிறகு ஜி. ஒரு கிராம் கூடினால் எத்தனை ரூபாய் என்பது நேராக வரும். மாற்றிக் கொடுத்தாலும் ஒரு விடை வரும், எர்ரர் காட்டாது.

கம்பம்மெட்டு:
கவுண்ட் 212 வந்தது. இரண்டு செல்லில் "கி" அடித்திருந்தது, எடுத்ததும் அச்சு சரியாகிவிட்டது. காயின் அளவும் நிறமும் எழுத விட்டுப்போச்சு. 7 மில்லிமீட்டர் காயையும் 6 மில்லிமீட்டர் காயையும் சேர்த்தே ஸ்லோப் போடலாமா?

போடி ஸ்டோர்:
பிரித்துப் போடுங்க. அளவையும் ஆவரேஜ்இஃப்ஸில் மூன்றாவது நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.